பின்கம்பியின் முறுக்கு

ஒரு பெண்ணின் ரோஷத்துக்கு என்ன விலை? மாடியில் ஓர் அறை. ஏசி உண்டு, தெருவைப் பார்த்த ஜன்னல் இரண்டு, வாசலில் அவள் பெயருக்கென்று தனி போர்டு. அண்ணன் போட்ட மதிப்பு இது. சொல்லி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடி துடைத்தால் அதற்கு மேல் ஒரு காசுகூட அசைய மாட்டார் என்பது மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அறையை வாங்கிக்கொண்டு அவள் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சிவப்புக் காரின் டிரைவர் சீட்.

"அவசரமே இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா போதும்," என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

தங்கைக்கு யோசிக்க எதுவும் இல்லை. ஆனாலும் யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். எடுத்த எடுப்பில் மாட்டேன் என்பது அந்தக் குடும்பத்தில் மரியாதைக் குறைவு. எதிராளி சொன்ன விலையைக் கேட்டு லேசாக முகம் சுளித்து, ஒரு பெருமூச்சு விட்டு, எழுந்து போய்விட வேண்டும். அப்போதுதான் பேரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். எழுந்து போனாள்.

அவர்களுடையது பட்டன், ஜிப், லைனிங் துணி மொத்த வியாபாரம். கீழே கடை, பின்னால் கிடங்கு, மேலே இதுவரை யாருக்கும் ஒதுக்காத அந்த அறை. மார்க்கெட்டில் அண்ணனைப் பெரியவர் என்பார்கள், அவளைச் சின்னவர் என்பார்கள். வீட்டுக்குள் வந்தால் அவள் வெறும் சின்னவள். பெரியவர் கொள்முதலுக்கு வந்து உட்கார்ந்தால் எதிரில் இருப்பவன் சட்டையில் பட்டன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வான். சின்னவள் வந்தால் சட்டையே இருக்கிறதா என்று பார்ப்பான். கல்லாவில் இருக்கும் அண்ணி இந்த இருவருக்கும் மேல். அவள் பேரமே பேச மாட்டாள். எதிரில் இருப்பவர் தானாக இறங்கி வரும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் எப்படி வந்தது என்றால், மலிவாக வந்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போகிற பல் டாக்டர் ஒருவர் விற்கிறார் என்று காதில் விழுந்ததும் அண்ணனும் தங்கையும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். இரண்டே சீட். தரையோடு ஒட்டிய உடம்பு. ஏறுவதென்றால் குனிந்து, மடங்கி, கடைசியில் விழ வேண்டும். அண்ணி ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, இறக்கிவிட ஆள் வேண்டுமென்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள். லைனிங் துணியாக இருந்தால் நடுவில் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். கார் அப்படிக் கிழியாது.

ஊருக்கு வெளியே, மூடிப்போன விமானத்தளம் ஒன்றை ஒரு கிளப் எடுத்துப் பந்தயப் பாதையாக்கியிருந்தது. ஒவ்வொரு காராகத் தனியே விட்டு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்கள். சீசனுக்கு ஒரு காருக்கு ஒரு பெயர்தான் பதிய முடியும். யார் பெயர்? இருவரும் ஓட்டிப் பார்ப்பது, வேகமானவர் சீட்டில் உட்கார்வது, மற்றவர் வேலியோரம் நின்று கைதட்டுவது. இப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்த நாளில் சின்னவள்தான் ஒரு மயிரிழை முன்னால் இருந்தாள்.

அதற்குப் பிறகு பின்கம்பி வந்தது.

மெக்கானிக்குகள் அதை ஸ்வே பார் என்பார்கள். வண்டிக்கு அடியில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் குறுக்கே கிடக்கிற வளைந்த எஃகுக் கம்பி. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது இந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு, போதும் நிமிர்ந்து நில் என்று இழுத்துப் பிடிக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டில் எது கெட்டி என்பதில் இருக்கிறது காரின் குணம். முன்கம்பி கை ஓங்கினால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வளைவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். வாங்க மனமில்லாத வாடிக்கையாளர் பேசிக்கொண்டே வாசலைப் பார்த்து நகர்வதுபோல. பின்கம்பி கை ஓங்கினால் வால் வீசும். சொன்ன வேலையோடு சொல்லாத வேலையையும் சேர்த்துச் செய்கிற அவசரக்காரன்போல. இவர்கள் கார் மூக்கு தள்ளுகிற ரகம். அதைச் சரிக்கட்டப் பின்னால் ஒரு தடித்த கம்பி வாங்கினார்கள். இரு முனையிலும் மும்மூன்று துளை, சக்கரத்தோடு இணைக்க நீளம் கூட்டிக் குறைக்கிற லிங்க்.

மாட்டிக் கொடுத்தவர் ஸ்பிரிங். பேசும்போது குதிகாலில் எழும்பி எழும்பி இறங்குவதால் வந்த பெயர். சஸ்பென்ஷன் வேலையில் ஊரிலேயே விலை கூடின மனிதர், அதை அவரே பெருமையாகச் சொல்வார். அவர் பட்டறைத் தரையில் நான்கு தராசுகள் பதித்திருக்கும், சக்கரத்துக்கு ஒன்றாக. அங்கே போய் அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் பேசிய பேரத்தில் அன்று அவர் குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்லை.

கம்பி மாட்டி வந்த வாரமே கதை தலைகீழாகிவிட்டது. பெரியவர் பறந்தார். சின்னவள் நான்கு விநாடி பின்தங்கினாள். வலது வளைவில் வால் வெளியே ஓடியது, இடது வளைவில் மூக்கு தள்ளியது. ஒரே உடம்பில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வியாதி. அண்ணனோ, கண்ணாடி மேஜையில் உருட்டிவிட்ட பட்டன் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே சீராகப் போகிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் போனது. பழைய கார் தளர்ந்த கார், யார் ஓட்டினாலும் மன்னித்துவிடும். இப்போதுதான் இது நிஜமான கார், ஓட்டத் தெரிந்தவர் யாரென்று தெரிந்துபோயிற்று என்று விளக்கமும் சொன்னார். கிளப் செயலாளர் இன்னும் இதமான மனிதர். சிலருக்கு வலது வளைவு வராது, சிலருக்கு இடது வளைவு வராது, இரண்டுமே வராமல் போவது அபூர்வம்தான் என்று ஆறுதல் சொன்னார்.

அவள் ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை. பின்கம்பியைக் கடைசித் துளைக்கு மாற்றி இளக்கிப் பார்த்தாள்: வலது வளைவில் வால் அடங்கிற்று, இடது வளைவில் மூக்கு இன்னும் மோசமாகத் தள்ளிற்று. உள்துளைக்கு மாற்றி இறுக்கிப் பார்த்தாள்: இடது வளைவு இனித்தது, வலது வளைவில் கார் அப்படியே திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றது. டயரில் காற்றைக் கூட்டினாள், இறக்கினாள். ஷாக் அப்சார்பரின் திருகை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருகினாள். ஒரு வளைவுக்குக் கொடுத்தால் இன்னொரு வளைவிலிருந்து பிடுங்கிக்கொண்டது கார். அண்ணனுக்கு வேறு கோபம். அவர் வாரா வாரம் ஒரு புதுக் காரை ஓட்டிப் பழக வேண்டியிருந்தது.

வாக்குவாதம் கல்லா வரைக்கும் வந்தபோது அண்ணி தீர்ப்புச் சொன்னாள். கம்பி நடுத்துளையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு சுற்று, அத்தோடு முடிந்தது. அதுவரை அந்தக் காரில் ஸ்பானர் பட்டால், பட்ட கைக்காரர் பெயர் வெளியே. இருவரும் சம்மதித்தார்கள். மறுநாள்தான் பெரியவர் மாடி அறையை நீட்டினார். நான்கு விநாடி கையில் இருக்கும்போது தோற்றவளுக்கு முன்கூட்டியே பரிசு கொடுப்பது அவர் சுபாவம். அதில் அன்பும் இருந்தது. தங்கை தோற்று முகம் சுண்டி நிற்பதைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

புதன்கிழமை கிடங்கில் பித்தளைப் பட்டன் நிறுத்துக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனிக்காரர் எதிரே நின்றார். பித்தளைப் பட்டன் எண்ணிக்கையில் போவதில்லை, எடையில் போகும். தராசில் காலித் தட்டை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு பட்டனைக் கொட்ட வேண்டும். தட்டு சின்னதாக இருக்கிறது, சிதறுகிறது என்றார் கம்பெனிக்காரர். அவள் பேச்சு சுவாரசியத்தில் பெரிய தட்டை எடுத்து மாற்றி வைத்தாள். கம்பெனிக்காரர் உடனே கையை நீட்டித் தடுத்தார். தட்டை மாற்றினீர்களே, பூஜ்யத்தை யார் மாற்றுவது என்று கேட்டார்.

அவள் கை அப்படியே நின்றது. ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டாள் என்று கம்பெனிக்காரர் நினைத்துக்கொண்டிருக்க, அவள் மனசு ஸ்பிரிங்கின் பட்டறைக்குப் போயிருந்தது. நான்கு தராசு. மேலே கார். பூஜ்யம் வைத்தபோது தட்டில் இருந்தது யார்?

சரக்கை அனுப்பிவிட்டு ஸ்பிரிங்குக்குப் போன் போட்டாள்.

"லிங்க் மாட்டினப்ப சீட்டுல யாரை உட்கார வெச்சீங்க?"

"பெரியவரைத்தான். வேற யாரு இருந்தா அங்க? நீங்க பில்லுக்குப் போயிட்டீங்க."

"என்னையும் உட்கார வெச்சுப் பார்க்கணும்னு தோணலியா உங்களுக்கு?"

 ஸ்பிரிங் ரொம்ப நிதானமாகப் பேசினார். "சின்னவரே, ரெண்டு பேர் ஓட்டுற கார்னா ரெண்டு செட்டிங் போடணும், லிங்க்ல ரெண்டு அடையாளம் வெச்சுத் தரேன்னு நான் சொன்னேன். ஒரே காருக்கு ரெண்டு தடவை காசு வாங்கப் பார்க்கிறீங்களான்னு கேட்டது நீங்க. ஒரு செட்டிங்கைத் தள்ளிட்டு, வீல் அலைன்மென்ட்டையும் ஓசியில போடச் சொன்னதும் நீங்க."

முகத்தில் ஈயாடவில்லை. போனில் முகம் தெரியாதது புண்ணியம். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வருஷத்திலேயே அவள் பேசிய நல்ல பேரங்களில் அது ஒன்று. அன்று சாப்பிடும்போது ஸ்பிரிங்கைப்போலவே எழும்பி இறங்கி நடித்துக் காட்டியிருந்தாள். அண்ணி சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள்.

ஸ்பிரிங் விளக்கினார். ஓட்டுகிறவர் சீட்டில் இருக்கும்போது கம்பியில் துளி முறுக்கும் இருக்கக் கூடாது. லிங்க்கின் போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். பெரியவர் உட்கார்ந்தால் வலது பக்கம் அழுந்தும். அந்த அழுத்தத்துக்குத் தோதாக லிங்க்கை வைத்தாயிற்று. அவர் இறங்கி இவள் ஏறினால் வலது பக்கம் மேலே எழும்பும், கம்பி அப்போதே முறுக்கிக்கொள்ளும். குறுக்கு மூலையாகப் பாரம் ஏறி இறங்கி, ஒரு பக்கம் மூக்கு தள்ளும், மறுபக்கம் வால் வீசும். எந்தத் துளையில் மாட்டினாலும் அது போகாது.

"வளைவே வந்திருக்காது. நீங்க ஏறி உட்கார்ந்த உடனே அது அண்ணன் கட்சிக்குப் போயிடுது," என்றார்.

சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று கேட்டாள். தேநீர் ஆறும் நேரம் என்றார். ஆனால் ஸ்பானர் வேண்டும். பெரியவரிடம் தானே பேசிப் பார்க்கவா என்றும் கேட்டார். கூடாது என்றாள். கேட்டால் அண்ணன் கொடுத்துவிடுவார். கொஞ்சம் பிகு பண்ணி, போனால் போகட்டும் என்று கொடுப்பார். அப்படி வாங்கினால் அது சலுகை. சலுகைக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஜெயித்தாலும் அது அண்ணன் விட்டுக்கொடுத்த ஜெயிப்பு.

கிடங்கில் பட்டன் மூட்டைகளுக்கு நடுவே நின்று யோசித்தாள். பூஜ்யத்தை மாற்ற முடியாது. சரி. தட்டை மாற்றலாமே.

"நான் அண்ணன் எடைக்கு ஆயிட்டா?" என்று போனில் கேட்டாள்.

ஸ்பிரிங் எழும்பி இறங்குகிற சத்தம் போனிலேயே கேட்டது. பாரம் கூடினால் வேகம் குறையுமே என்றார். அண்ணனும் அதே பாரத்தோடுதான் ஓட்டுகிறார் என்றாள் அவள். எடை சரியாக இருக்க வேண்டும், சீட்டை ஒட்டியே இருக்க வேண்டும், நகரக் கூடாது என்றார் ஸ்பிரிங். பெரியவர் எடை எவ்வளவு என்று கேட்டதற்கு, தொண்ணூற்றாறு என்று அவர் வாயால் சொன்னதாகச் சொன்னார். காலி வண்டியைத் தனியாக நிறுத்திருந்தால் சரிபார்த்திருக்கலாம். அதுவும் அவள் தள்ளிவிட்ட கணக்கில்தான் வரும்.

அண்ணன் முதலில் சொல்கிற எந்த எண்ணையும் அவள் பிறந்ததிலிருந்து நம்பியதில்லை. நிஜ எடை தெரிந்தவர் ஒருவர்தான்.

வியாழன் மத்தியானம், கடையில் ஆள் குறைந்த நேரம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னவள் ஒரு மாதத்துக்குப் பாக்கி வசூல் தானே போவதாகச் சொன்னாள். அண்ணி பார்த்தாள். இரண்டு மாதம் என்றாள். அண்ணி பார்த்தாள். இந்த வித்தை தெரிந்தும் தானாக இறங்கிக்கொண்டே போகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் அண்ணி வாயைத் திறந்தாள். "மாடி ரூம் உனக்கு வேணுமா?"

"வேணாம் அண்ணி. நான்தான் பதிலே சொல்லலியே."

"சொல்லல. அதான் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை தோத்துட்டா அந்த ரூம்ல போய் உட்கார்ந்துக்கலாம்னு மனசுல ஒரு மூலையில மடிச்சு வெச்சிருக்கே. அதை எடுத்து வெளிய போடு. இன்னிக்கே அவர் முன்னாடி வேணாம்னு சொல்லிடு. எனக்கு வேணும் அது. கல்யாணமாகி வந்ததிலேர்ந்து ஜன்னல் இல்லாத இடத்துல உட்கார்ந்து அடுத்தவங்க காசை எண்ணிட்டிருக்கேன்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அப்படி எதுவும் மடித்து வைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், மூலையைத் தடவிப் பார்த்தாள். இருந்தது. இஸ்திரி போட்டு மடித்து வைத்தபடி பத்திரமாக இருந்தது. அந்த அறையில் எந்தச் சுவரில் எந்த அலமாரி என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில், கணக்குப்பிள்ளை, இரண்டு வேலையாட்கள், அண்ணி எல்லோரும் இருக்கும்போது அண்ணனிடம் சொன்னாள். அறை வேண்டாம், யாருக்கு வேண்டுமோ கொடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார்.

"தோத்துட்டா?"

"வேலிகிட்ட நின்னு கைதட்டறேன். நீங்க குடுத்த ரூம்ல உட்கார்ந்து தட்ட மாட்டேன்."

பெரியவருக்கு வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை. அதிக விலைக்குப் போக வேண்டிய சரக்கை இறுக்கிப் பிடித்துக் கெடுத்துக்கொள்கிறாள், பிறகு வருத்தப்படுவாள் என்று கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். கணக்குப்பிள்ளை பத்திரமாக இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினார்.

ஷட்டரை இறக்கும்போது அண்ணி அவள் காதருகே வந்தாள். "நூத்தி நாலு. காலையில, வெறும் வயித்துல. டாக்டர்கிட்ட தொண்ணூத்தெட்டுன்னு அடிச்சுப் பேசினார். டாக்டர் தராசைக் காட்டினதும் செருப்பைக் கழட்டிட்டு மறுபடியும் ஏறினார்."

சின்னவள் ஐம்பத்து நான்கு. வித்தியாசம் ஐம்பது கிலோ. சமையல் மேடையில் வைத்து லைனிங் துணியில் நீள நீளப் பைகள் தைத்தாள். வெள்ளிக்கிழமை கிடங்கில் பித்தளைப் பட்டன் ஐம்பது கிலோ நிறுத்து எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை பூஜ்யத்தை இரண்டு முறை பார்த்தாள். சரக்கு கிடங்கை விட்டுப் போகிறது என்றால் யார் பெயருக்குப் போகிறது என்று அண்ணிக்குத் தெரிந்தாக வேண்டும். தன் பெயரைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் அண்ணன் ஓட்டினார். அழகாகவே ஓட்டினார், அதைச் சொல்லியாக வேண்டும். வளைவுகளை அவர் பேசி முடித்த விலைபோல எடுத்தார். அவசரமில்லை, அரைகுறையில்லை, வந்து நின்றபோது முகத்தில் ஒரு துளி வியர்வையில்லை. அவருடைய நேரங்களில் அதுவே சிறந்தது. செயலாளர் கைகொடுத்தார். சின்னவளைப் பார்த்து, கலந்துகொள்வதே பெரிய விஷயம் என்றார்.

அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீட்டுக்குப் பின்னால், பக்கவாட்டில், அடியில் என்று, அண்ணனின் உடம்பு எங்கெங்கே இருக்குமோ அங்கெல்லாம் பட்டன் பைகளை வைத்து பெல்ட் போட்டு இறுக்கினாள். ஸ்பிரிங் வேலியோரம் நின்று எதுவும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்தார். கிளப்பின் பரிசோதகர் வந்து ஒவ்வொரு பையையும் பிடித்து இழுத்தார், குலுக்கினார், கையால் அடித்துப் பார்த்தார். பெடல் பக்கம் ஒன்றும் இல்லையே என்று குனிந்து பார்த்தார். பாரம் ஏற்றக் கூடாது என்று விதியில்லை, கட்டாமல் ஏற்றக் கூடாது என்றுதான் விதி என்று சொல்லி விலகிக்கொண்டார்.

"பட்டன் விக்க வந்தியா, ஓட்ட வந்தியா?" என்றார் அண்ணன்.

ஸ்பானர் எங்காவது பட்டதா என்று அவள் கேட்டாள். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். படவில்லை என்றாள் அண்ணி.

கார் கனமாகக் கிளம்பியது. அவளுக்குப் பழக்கமில்லாத சோம்பல். நேர்ப்பாதையில் வேகம் பிடிக்க மூச்சு வாங்கியது. முதல் வளைவு வலது. எப்போதும் இங்கே அவள் முதுகு முன்கூட்டியே இறுகிவிடும், வால் ஓடப்போகிறது என்று. ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். வால் வரவில்லை. கார் ஒரு பக்கம் சாய்ந்தது, கம்பி பிடித்தது, அவ்வளவுதான். அடுத்தது இடது. மூக்கு தள்ளும் என்று கை தன்பாட்டில் அதிகம் திருப்பிவிட்டது. தள்ளவில்லை, ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஏறி மிதிக்கிற அளவுக்கு உள்ளே வந்தது. சிரிப்பு வந்தது அவளுக்கு. இத்தனை வாரமும் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தது இந்தக் காரையா? இவ்வளவு சொகுசு கையில் இருந்தும் நான்கு விநாடிதானா முன்னால் போனார்?

அந்த நினைப்பில் ஒரு கோபம் கிளம்பி வலது காலுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு அவள் காரோடு சண்டை போடவில்லை. இளக்கவும் இறுக்கவும் தேடி அலைந்த நடுநிலை காலடியிலேயே இருந்தது. வளைவுக்குள் போகும்போது பிரேக்கை மெல்ல விட்டால் மூக்கு திரும்பியது. நடுவில் ஆக்ஸிலரேட்டரை ஒரு விரற்கடை அழுத்தினால் நான்கு சக்கரமும் சேர்ந்து வெளியே நகர்ந்தன, நான்கும் சேர்ந்து நின்றன.

கடைசி வளைவு வலது, நீளமானது. போன மாதம் கார் திரும்பி நின்று அவளை வேடிக்கை பார்த்த இடம். அன்று எந்த வேகத்தில் போனாளோ அதைவிடக் கூடுதலாகப் போனாள். பாதி வளைவில் முதுகுக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். பை ஒன்று தையல் விட்டுவிட்டது. பித்தளை மழைபோலச் சரிந்து பின்தளத்தில் ஓடிற்று. காலை எடு என்று உடம்பு சொன்னது. எடுக்கவில்லை. கார் நுனியில் நின்று ஒரு கணம் யோசித்தது, பிறகு அவள் பக்கம் பேசிற்று.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளரின் கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்தார். பெரியவரைவிட அரை விநாடி குறைவு. சொல்லும்போது குரலில் இருந்த இதம் காணாமல் போயிருந்தது.

 பெரியவர் காருக்குள் குனிந்து பட்டன் பைகளைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார். கணக்கு அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வியாபாரி விழித்துக்கொண்டார். பட்டன் போட்டதால்தான் ஜெயித்தாள். பட்டன் என்பது என்ன, தன்னுடைய எடை. ஆகவே ஓட்டியவர்களில் தானும் ஒருவர். இந்த ஜெயிப்பில் பாதி தனக்குச் சேர வேண்டும், சீசனில் பாதிப் பந்தயம் தான் ஓட்டுவதுதான் நியாயம் என்று மளமளவென்று எடுத்து வைத்தார். செயலாளருக்கே அது நியாயமாகப் பட ஆரம்பித்தது.

சின்னவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"உங்க எடையைத் தூக்கிக்கிட்டு ஓட்டினேன் அண்ணா. அதுக்கப்புறமும் நீங்க பின்னாடிதான் இருக்கீங்க. இனிமே தூக்கறதா இல்ல."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் காரில் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு செயலாளரிடம், எழுதிக்கொள்ளுங்கள், அவள் பெயர்தான் என்றார்.

அவள் அங்கேயே, அப்போதே வேலையை முடிக்கச் சொன்னாள். பைகளை எடுத்துவிட்டுச் சீட்டில் அவளாக மட்டும் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் ஸ்பானரோடு அடியில் படுத்தார். லிங்க்கின் போல்ட்டை உருவியபோது, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோலக் கம்பி டக்கென்று விலகிற்று. லிங்க்கைத் திருகி நீளத்தைச் சரிசெய்து, ஒற்றை விரலால் போல்ட்டைத் தள்ளினார். வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று.

"இப்ப நான் ஓட்டினா எப்படிப் போகும்?" என்று அண்ணன் குனிந்து காருக்கு அடியில் கேட்டார்.

"ரெண்டு வியாதியும் உங்களுக்கு வரும் பெரியவரே," என்றார் ஸ்பிரிங் அடியிலிருந்து. "ரெண்டாவது செட்டிங் போடலாம். என் விலை உங்களுக்குத் தெரியுமே."

மறுநாள் காலை பட்டன்கள் கிடங்குக்குத் திரும்பின. பின்தளத்தில் சிதறியதையெல்லாம் கையால் பொறுக்கியிருந்தாள். இடுக்குகளில் போனவை போனவைதான். அண்ணி மாடி அறைக்குத் திரைச்சீலை அளந்துகொண்டிருந்தவள் இறங்கி வந்து, தராசருகே நின்று எடையைப் படித்தாள். கால் கிலோ குறைந்தது.

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். ராத்திரி சரியாகத் தூங்காத முகம், ஆனால் குரலில் பழைய குழைவு. கால் கிலோதானே, பெரிய விஷயமா, பாதி தன் பெயரில் போட்டுவிடு என்று அண்ணியிடம் சொன்னார். தங்கைக்காக நஷ்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றார்.

கணக்குப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. சின்னவளுக்குக் கலங்கவில்லை. நஷ்டத்தில் பாதி இன்று அவர் பெயரில் ஏறினால், நாளைக்கு ஜெயிப்பில் பாதி அதே கதவு வழியாக உள்ளே வரும். அவள் அவருடைய தங்கை. அவர் எந்தக் கதவைத் திறக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா?

"முழுசும் என் பேர்ல எழுதுங்க அண்ணி," என்றாள்.

அண்ணி இருவரையும் பார்த்தாள். பெரியவர் தானாக இறங்கி வந்து, சரி என்று தலையசைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினாள். பித்தளைப் பட்டன், போனது ஐம்பது கிலோ. வந்தது நாற்பத்தொன்பதே முக்கால். பாக்கி கால் கிலோ, சின்னவள் பற்று.